பதினாறா, பதினெட்டா?

பக்கத்துத் தெருத் தையல்காரர் படியேறி வருவதைப் பார்த்ததுமே கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒரு வாரமாக இதே கூத்துதான்.

“தம்பி, மெமரியில வேகம் 3200, டைமிங் 16 நல்லதா? இல்ல 3600, டைமிங் 18 நல்லதா?”

“நேத்தே சொன்னேனே அண்ணே! வேகம் கூடினா நல்லது, டைமிங் குறைஞ்சா நல்லது. கணக்குப் பார்த்தா இந்த ரெண்டுலயும் தாமதம் ஒண்ணுதான்.”

“அப்போ 3600லயே டைமிங் 16 கிடைச்சா?”

“இன்னும் நல்லது.”

“அதை மதர்போர்டு ஏத்துக்கணுமே?”

பின்னால் காத்திருந்த இரண்டு பேர் அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டார்கள். கடைக்காரர் பொறுமை இழந்தார்.

“உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன் அண்ணே. கம்ப்யூட்டரை இங்க தூக்கிட்டு வாங்க. பொருத்தமானதை நானே போட்டுத் தர்றேன்!”

“என்கிட்ட கம்ப்யூட்டரே இல்லையே தம்பி.”

“பின்ன எதுக்கு என் உயிரை வாங்குறீங்க?”

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “என் பொண்ணு மெமரி தயாரிக்கிற கம்பெனியில இன்ஜினியர். அவ கல்யாணத்துக்கு நான் போகல. ரெண்டு வருஷமா பேச்சு இல்ல. போன வாரம், ‘கம்ப்யூட்டருக்கு எந்த மெமரி வாங்கலாம்?’னு ஒரு மெசேஜ் போட்டேன். உடனே பதில் வந்துச்சு. அதுலேர்ந்து இங்க உங்ககிட்ட தெரிஞ்சுக்கிட்டுப் போய் தினம் ஒரு கேள்வி கேக்குறேன், தினம் பதில் போடுறா. இப்ப எனக்குத் தெரிஞ்ச கேள்வியெல்லாம் தீர்ந்துபோச்சு தம்பி.”

கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க அண்ணே. பெரிய மெமரியா ஒண்ணு போடுறதா, சின்னதா ரெண்டு போடுறதானு கேட்டீங்களா? அதை வெச்சே ஒரு மாசம் ஓட்டலாம்.”