வேகத்தடைக்கு அந்தப் பக்கம்

பெரம்பலூரை விட்டு வெளியே வரும் அரியலூர் சாலையில், லிஃப்ட் கேட்க முத்தாயி பிடித்த முதல் இடமே சரியில்லை.

பெட்ரோல் பங்க் வாசலில் நின்றாள். லாரிகள் வேகமெடுத்துப் பறந்தன. புளியமர நிழலுக்கு நகர்ந்தாள். அது வளைவு. ஓட்டுகிறவன் கண்ணில் அவள் படுவதற்குள் வண்டி தாண்டிப் போயிருந்தது.

போகட்டும். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு லாரி. சிமெண்டு இறக்கிவிட்டு ரெட்டிபாளையம் திரும்பும் அவள் புருஷன் ராசாங்கத்தின் லாரி.

செவ்வாய்க்கிழமையானால் அதில் ஒருத்தி ஏறுகிறாளாம். அந்த மகராசியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் காலையிலேயே பஸ் பிடித்து வந்து, முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறாள்.

லாரியில் பொம்பளையை ஏற்றினால் முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவார் என்று சொல்லியே பதினோரு வருஷத்தை ஓட்டியவன் ராசாங்கம். அம்மா வீட்டுக்குப் போகிற அவசரத்தில்கூட ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவளை ஏற்றிக்கொண்டதில்லை.

"அங்க நின்னா எவனும் நிறுத்த மாட்டான்க்கா. இப்படி வாங்க. வேகத்தடையத் தாண்டி நில்லுங்க. ஏறி எறங்கி மறுபடி கியரு மாத்துறதுக்குள்ள நம்ம மூஞ்சியப் பாத்துடுவான்."

காலிக் கூடையோடு ஒருத்தி கையசைத்துக் கூப்பிட்டாள். பெயர் வேம்பு என்றாள். செவ்வாய்க்கிழமை சந்தையில் கத்திரிக்காய் விற்றுவிட்டு, லாரியில்தான் ஊர் திரும்புவாளாம்.

செவ்வாய்க்கிழமை. அப்படியானால் இவள்தான் அந்த மகராசி.

முத்தாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். கறுத்த முகம், வாடிப்போன கனகாம்பரம். அழகாகவாவது இருந்து தொலைத்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

தூரத்தில் ஹாரன் கேட்டது.

"நம்ம அண்ணன் வண்டி," என்றாள் வேம்பு. லாரி இன்னும் வளைவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

கட்டிய பெண்டாட்டிக்கோ, வண்டி கிட்டே வந்து நம்பரைப் படித்த பிறகுதான் தெரிந்தது. அண்ணனாம், அண்ணன்!

லாரி வேகத்தடையில் ஏறி இறங்கி, அவர்கள் எதிரில் கச்சிதமாக நின்றது. வேம்பு கூடையை உள்ளே எறிந்தாள். படி எங்கே என்று பார்க்காமலே ஏறினாள். மேலேயிருந்து முத்தாயிக்குக் கை நீட்டினாள்.

முத்தாயி முக்காட்டை விலக்கினாள்.

ராசாங்கம் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு முகத்தை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டான்.

"எங்கம்மா போவணும்?"

சண்டை போட என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தாள் முத்தாயி. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்.

"ரெட்டிபாளையம். டிரைவர் ராசாங்கம் வூட்டுக்கு."

வேம்பு சிரித்தபடி நகர்ந்து இடம் விட்டாள். "அட, உங்க வூட்டுக்குத்தான் வராங்களாண்ணே! யாரு இவங்க?"

முத்தாயி ஏறி உட்கார்ந்தாள். சீட்டு மெத்தென்று இருந்தது.

ராசாங்கம் கியரைப் போட்டான். விழவில்லை. மறுபடி போட்டான்.

"கேக்குறாங்கல்ல," என்றாள் முத்தாயி, "சொல்லுங்க."