ரெண்டு பவர் சப்ளை

"மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணினது யாரு?"

மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தான் சின்னவன். வேலை போய் எட்டு மாதம். கையிருப்பையெல்லாம் துடைத்துப் போட்டு, ஆறு கிராபிக்ஸ் கார்டு மாட்டி, கிரிப்டோ காசு தேடும் மைனிங் கம்ப்யூட்டர் ஒன்றை மாடி அறையில் ஓடவிட்டிருந்தான். அது ஓடினால்தான், அண்ணன் சம்பளத்தில் உட்கார்ந்து தின்கிறான் என்கிற பேர் போகும். அதுவோ மூன்று நாளாக நடுநடுவே செத்துச் செத்து விழுந்தது.

"யாரும் ஆஃப் பண்ணல தம்பி. வாஷிங் மெஷினைப் போட்டேன், டப்புன்னு தானா விழுந்துடுச்சு," என்றாள் அண்ணி.

"கீழ துணி துவைச்சா மாடியில மெஷின் நிக்குமா? யார் காதுல பூ சுத்தறீங்க?"

"நேத்தும் ஹீட்டர் போட்டப்போதான்..."

"போதும் அண்ணி! நான் நாலு காசு பாத்துட்டா உங்களுக்கு அடங்கி இருக்க மாட்டேன்னு வயித்தெரிச்சல். அதை நேரா சொல்லிட்டுப் போங்களேன்."

அண்ணன் சட்டென்று எழுந்தார். அண்ணி கண்ணாலேயே அவரை உட்கார வைத்தாள்.

"சரிடா," என்றார் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு. "மெஷினையும் ஒரு தடவை கடையில காட்டிக் கேட்டுடேன்."

கம்ப்யூட்டர் கடைக்காரர் மெஷின் போட்டோவைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"ஆறு கார்டுக்கு இந்த ஒத்தை பவர் சப்ளை பெட்டியா? பாவம் சார், மூச்சு முட்டும். பெரிசா ஒண்ணு போடுங்க. இல்லேன்னா நடுத்தரமா ரெண்டு போட்டு, மூணு மூணு கார்டா பிரிச்சுக்கலாம். ஆனா ஒரு கார்டுக்குப் போற ஒயர் எல்லாம் ஒரே பெட்டியிலேருந்துதான் போகணும். இங்க பாதி அங்க பாதின்னு கலந்தீங்க, கார்டு காலி."

"ரெண்டே குடுங்க. ரெண்டா பிரிச்சுட்டா வீட்டு லைன்லேருந்து இழுக்கறதும் பாதியாயிடும் இல்ல?"

"அது அப்படி இல்ல சார். முதல்ல ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லைனை..."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நீங்க பில்லைப் போடுங்க."

வேலையில்லாதவனிடம் வேறு என்ன இருக்கிறதோ இல்லையோ, இந்த 'எனக்குத் தெரியும்' மட்டும் மூட்டை மூட்டையாக இருக்கும். கடைக்காரர் பில்லைப் போட்டார்.

அன்றே இரண்டு பெட்டியையும் மாட்டினான். என்ன ஆச்சரியம்! ஒரு மாதம் முழுக்க சுவிட்ச் ஒரு தடவைகூட விழவில்லை. சின்னவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாண்ணா? ரெண்டு பவர் சப்ளை! கொஞ்சம் மூளை இருந்தா போதும்," என்றான் சாப்பிட்டுக்கொண்டே. அண்ணியை ஓரக்கண்ணால் பார்த்தான். "இனிமே யாரு நினைச்சாலும் நிறுத்த முடியாது. அடுத்த வாரம் இன்னொரு மெஷினையும் இறக்கப்போறேன்."

"நல்லதுடா," என்றார் அண்ணன்.

"அது சரி, என்ன உன் சட்டையெல்லாம் ஒரே கசங்கல்? அயர்ன் பண்ணக்கூட அண்ணிக்கு உடம்பு வளையலையா?"

அண்ணன் சிரித்து மழுப்பினார். அண்ணி சின்னவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

இரண்டாவது மெஷினுக்கு ஒரு பாயின்ட் இழுக்க எலக்ட்ரீஷியன் வந்தார். மீட்டரை ஒயரில் மாட்டிப் பார்த்தவர், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ரெண்டு பெட்டியில லோடு பாதியாச்சுன்னா சொன்னீங்க? ஆறு கார்டும் அதே ஆறு கார்டுதானே சார். ரெண்டு பெட்டியும் சேர்ந்து சுவத்துலேருந்து இழுக்கறது துளிகூடக் குறையல. மாடிக்கும் கீழுக்கும் ஒரே லைன் வேற. கீழ ஒரு ஹீட்டர் போட்டாலே விழணுமே!"

"ஒரு மாசமா விழலையே?"

"அப்போ கீழ எதையுமே போடறதில்லைன்னு அர்த்தம். கீழ ஆளுங்க இருக்காங்கதானே?"

சின்னவன் கீழே போனான்.

ஹீட்டர் சுவிட்சின் மேல் டேப் ஒட்டியிருந்தது. வாஷிங் மெஷின் மூடிமேல் மடித்த துணி அடுக்கியிருந்தது. தினம் பத்து தடவை இதைத் தாண்டித்தான் போய் வருகிறான். ஒரு நாளாவது கண்ணில் பட்டிருக்க வேண்டாமா?

பின்பக்கத்தில் அண்ணி குந்தி உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் நேற்றுக் கழற்றிப் போட்ட பேன்ட். அவள் விரல் இடுக்கெல்லாம் சோப்பு தின்று வெடித்திருந்தது.

சின்னவன் கூனிக் குறுகிப் போனான்.

"அண்ணி... ஏன் என்கிட்ட சொல்லல?"

"எத்தனையோ மாசத்துக்கப்புறம் இந்த ஒரு மாசமாத்தான் சிரிச்சுக்கிட்டே சாப்பிடறீங்க. அதை எதுக்குக் கெடுக்கணும்?"

"நான் அன்னிக்கு உங்களை அப்படிப் பேசி..." தலை தானாகக் குனிந்துகொண்டது.

அண்ணி கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அது கிடக்கட்டும் தம்பி. ரெண்டாவது மெஷின் என்னிக்கு வருதுன்னு மட்டும் ஒரு நாள் முன்னாடி சொல்லிடுங்க. நிறுத்தறதுக்கு இனிமே ஃபிரிட்ஜ் ஒண்ணுதான் மிச்சம் இருக்கு, அதுல இருக்கறதையெல்லாம் காலி பண்ணணும்."