சோடாவின் ஓட்டம்

கிழ நாய் சோடா எழுந்து நடந்து எட்டு மாதமாகிறது. அதைத் தூக்கி வெளியே கொண்டுபோவதும் கழுவிவிடுவதும் எஸ்தர்தான். உறக்கத்தில் அதன் கால்கள் வெட்டி இழுத்தபோது பயந்துபோய் மருத்துவரிடம் கேட்டாள்.

“பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. முழிச்சா கனவு. முழிக்காம விறைச்சுதுன்னா வலிப்பு, உடனே தூக்கிட்டு வாங்க.”

அன்றிலிருந்து கால் அசைந்தாலே கூப்பிட்டாள். ஒவ்வொரு முறையும் சோடா விழித்து, எழ முயன்று, முடியாமல் தலையைக் கீழே போட்டது.

இன்று மத்தியானம் மறுபடியும் நான்கு கால்களும் ஓடின. வாலும் ஆடியது.

“கூப்பிட்டுப் பாரேன்,” என்றார் கணவர் செல்வின், தட்டிலிருந்து நிமிராமல்.

எஸ்தர் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். விறைப்பில்லை. அப்படியே பக்கத்தில் வெறுந்தரையில் படுத்துக்கொண்டாள்.

“ஓடிட்டு வரட்டுங்க.”