சீல் குத்த ஓர் இடம்

மருந்துக் கடை மங்கையர்க்கரசி யாருக்காகவும் விட்டுக்கொடுக்காத வழக்கம் ஒன்று உண்டு. தூக்க மாத்திரை கொடுத்தால் டாக்டர் சீட்டின் மேல் ‘கொடுத்தாயிற்று’ என்று ஊதா மையில் சீல் குத்திவிடுவாள். குத்தாத சீட்டைக் காட்டி அடுத்த கடையிலும் வாங்கலாம், அதற்கடுத்த கடையிலும் வாங்கலாம். இப்போது பாதிச் சீட்டுகள் போனில்தான் வருகின்றன. எதிரே நின்ற பெண் நீட்டிய போனிலும் டாக்டர் அனுப்பிய சீட்டு இருந்தது. பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் சரி. ஒரு கையில் மாத்திரை அட்டையோடு, மறு கையால் சீல் கட்டையை மையில் ஒற்றி எடுத்தாள். போன் கண்ணாடிக்கு மேலே வந்ததும் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

“இதுல எங்கம்மா குத்துறது? பேப்பர்ல எழுதி வாங்கிட்டு வாயேன்.”

“டாக்டர் வெளியூர்ல இருக்காருக்கா. வீடியோலதான் பாத்தாரு.”

“நல்லா இருக்கே. இதையே காட்டி நீ இன்னும் நாலு கடையில வாங்கினா?”

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். அந்தப் பெண் ஆஸ்பத்திரித் தெரு நெடுக இருந்த மருந்துக் கடைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, இடது உள்ளங்கையை விரித்து மேசைமேல் வைத்தாள்.

“இதுல குத்துங்கக்கா.”

மங்கையர்க்கரசி அவள் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை. குத்தினாள்.

பெண் உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய் மெல்ல ஊதிக் காயவைத்தாள்.

“கழுவினா போயிடாதுல்லக்கா?”

மாத்திரை அட்டை இன்னும் மங்கையர்க்கரசியின் கையிலேயே இருந்தது.