விடிந்தால் நிற்கும் பிரிட்ஜ்

"சாயந்திரம் ஜில்லுனு இருக்கு. விடிஞ்சா வெந்நி. இன்னா பிரிட்ஜ்மா இது?"

அரங்கநாதன் போட்ட சத்தத்தில் பாய்மரப் படகே ஒரு முறை ஆடியது போலிருந்தது. குருவிநத்தத்தில் கரும்பு போடுகிறவர். நல்லவாட்டு உப்பங்கழியில் படகைக் கட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகிறார். குடிக்க ஜில்லென்று ஏதும் இல்லாவிட்டால் அவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

பிரியதர்ஷினி பிரிட்ஜைத் திறந்தாள். அந்த ஊரின் பிரிட்ஜ் மெக்கானிக் அவள். கேஸ் பார்த்தாள், குறையவில்லை. பிரிட்ஜின் சூட்டைத் தணிக்கக் கடல் தண்ணீர் இழுக்கிற குழாயைக் கழற்றி ஊதினாள், அடைப்பில்லை. மீட்டரை பேட்டரியில் வைத்தாள். முள் எழவே இல்லை.

பிரிட்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரியில் வேறு எதுவோ பேட்டரியைக் குடிக்கிறது. கரண்ட் பத்தாமல் பிரிட்ஜ் தானாக நின்றுவிடுகிறது.

"இவன் வேலதான்." காவல்காரர் சாமிக்கண்ணுவைக் கைகாட்டினார் அரங்கநாதன். "ராத்திரில பிரிட்ஜத் தவிர ஒண்ணும் ஓடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். சார்ஜ் போட்டுனு செல்லுல படம் பாக்கறான். நீ ஒரு வார்த்த சொல்லு, இன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடறேன்."

போன் வந்தது. பேசிக்கொண்டே கரைக்கு இறங்கினார்.

"மெய்யாலுமா சித்தப்பா?" என்றாள் பிரியதர்ஷினி.

சாமிக்கண்ணு பாய்மரத்தின் உச்சியைக் காட்டினார். அங்கே ஒரு பழைய பல்பு.

"கரையில இருந்த லைட்டுக் கம்பம் மழையில சாஞ்சதுல இருந்து இதத்தான் எரிய வுடறேன். அணச்சிட்டா உன் வூட்டுக்காரன் எதப் பாத்து வருவான்? முகத்துவாரம் பூரா கல்லு."

பிரியதர்ஷினி மீட்டர் வயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

அரங்கநாதன் திரும்பி வந்ததும், "பேட்டரி பழசு சார். மாத்தணும்" என்றாள்.

"போன வருஷம் வாங்கினதுமா!"

"உப்புக் காத்துல அப்டித்தான் சார் ஆகும்."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீயும் அவனும் ஒரே ஊரு. நான் நம்பணும்! ராத்திரி நானே வந்து பாக்கறேன்."

அன்றிரவு அவள் கணவன் மணிமாறன் மீன்பிடிக்கக் கடலுக்குள் போயிருந்தான். அவள் கண் மூடவில்லை. விடியலில் அவன் வழக்கம்போல் வந்து சேர்ந்தான். அப்படியென்றால் விளக்கு எரிந்திருக்கிறது. சித்தப்பா அகப்பட்டிருப்பார்.

வெயில் ஏறியதும் அரங்கநாதனிடமிருந்து போன். "சாமானை எடுத்துனு வா."

படகில் சாமிக்கண்ணுவைக் காணோம். அவர் உட்காரும் பலகை காலியாக இருந்தது. புது பேட்டரியும் வந்திருக்கவில்லை.

"சித்தப்பாவ அனுப்பிட்டீங்களா சார்?" என்றாள். "பேட்டரி எங்க?"

"பேட்டரிக்கு இன்னா கேடு? நல்லாத்தான் இருக்கு."

அவர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை நீட்டினார். பிரித்தாள். பளபளவென்று ஒரு எல்.இ.டி. பல்பு.

"இது கரண்ட்ட அவ்ளோ குடிக்காதாம். கயித்துல கட்டி மேல அனுப்பு. பழசக் கழட்டிட்டு மரத்துமேல காத்துனு இருக்கான் பாரு, உன் சித்தப்பன்."

அண்ணாந்து பார்த்தாள். உச்சியிலிருந்து சாமிக்கண்ணு கையசைத்தார்.

அரங்கநாதன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"ராத்திரி முகத்துவாரத்துக் கல்லுமேல நின்னு பாத்தேன்மா. பழசு ரொம்ப மங்கல்."