அரை அங்குலம்

மூச்சை இழுத்து அடக்கி, வேன்காரர் வயிற்றைக் கொஞ்சம் உப்பிக்கொண்டார்.

நர்ஸ் நாடாவைச் சுற்றிப் பார்த்தாள். நேற்றைவிட அரை அங்குலம் கூட.

ஸ்டியரிங் வயிற்றில் மோதி, மண்ணீரலில் கீறல் விழுந்து இன்றோடு ஐந்து நாள். கத்தி வைக்க வேண்டாம், கசிவு தானாக அடங்கிவிடும், அசையாமல் படுத்துக் கிடந்தால் போதும் என்றிருந்தார் டாக்டர். வயிற்றின் இரண்டு பக்கமும் கறுப்புப் பேனாவால் கோடு போட்டு, வேளாவேளைக்கு அதே இடத்தில் நாடா பிடித்தார்கள். வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது. வீங்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

வீட்டுக்குப் போவதுதான் வேன்காரருக்குப் பயமாக இருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன் கோபித்துக்கொண்டு போன மனைவி, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவருடைய போனில் 'வீடு' என்றிருந்த எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது அவளுடைய எண். மனுஷன் அதை மாற்றவே இல்லை.

தைக்க வேண்டிய துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது, உங்களை வெளியே விட்ட அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன் என்று வந்ததுமே கறாராகச் சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு ஈரத்துணியால் அவர் உடம்பைத் துடைத்தும் விட்டாள். அந்தக் கைக்கு அவர் ஏங்கிப் போயிருந்தார். இன்னும் ஒரே ஒரு நாள் இருந்தால் போதும்.

அந்த அரை அங்குலத்துக்காக ஸ்கேன் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, எதற்கும் இன்னொரு நாள் இருக்கட்டும் என்றார் டாக்டர்.

ஆனால் ஸ்கேன் அறை வாசலில் அவள் முகம் செத்துப்போய் நின்றதை வேன்காரர் பார்த்துவிட்டார். சே, இவளைப் போய் இப்படிப் பதற வைத்தோமே என்று ராத்திரி முழுக்க மனசு அறுத்தது.

காலையில் அவள் வழக்கம்போல உடம்பு துடைத்துவிட்டாள். சற்று நேரத்தில் நர்ஸ் நாடாவோடு வந்தாள்.

போகிறவள் நிம்மதியாகப் போகட்டும். வேன்காரர் மூச்சை முழுக்க வெளியே விட்டார். வயிறு ஒட்டிக்கொண்டது.

நர்ஸ் ஒரு தடவை பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். நேற்றைவிட இன்னும் அரை அங்குலம் கூட.

இன்றைக்கு அவர் வயிற்றை உப்பவே இல்லையே. அப்படியானால் நிஜமாகவே கசிகிறது. ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லிவிடலாம் என்று நர்ஸ் போனை எடுத்தாள்.

மனைவி சட்டென்று எழுந்தாள்.

"வேண்டாம்மா, யாரையும் கூப்பிடாதீங்க. நாடா சாய்ஞ்சிருக்கு, அதான் கூடக் காட்டுது. நேராப் பிடிச்சுப் பாருங்க."

நர்ஸ் குனிந்து பார்த்தாள். இடப்பக்கத்துக் கோடு இருந்த இடத்தில் இல்லை. இரண்டு விரற்கடை மேலே ஏறியிருந்தது. கறுப்பாகவும் இல்லை.

வேன்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்ட கையில், விரல் நுனியெல்லாம் துணிக்குக் கோடு போடும் நீலச் சாக்பீஸ் தூள்.