கூவி வந்த வருமானம்

தெருமுனையில் வெங்காய வண்டி திரும்பியது.

"வாங்கம்மா வாங்க! நாலு கிலோ நூறு ரூவா! உரிக்கறதுக்கு முன்னாலயே கண்ணுல தண்ணி வருமுங்க!"

வண்டியின் ஒலிபெருக்கியில் மரகதத்தின் குரல்.

அவள் கதவுக்குப் பின்னால் நின்று, முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். வாசல் நாற்காலியில் இருந்த அவள் கணவன் நடேசன் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டான்.

எதிர்வீட்டுக்காரி பையோடு இறங்கி வந்தாள். "மரகதம், உன்ற வெங்காயம் வந்துருச்சு!"

ஈரோட்டில் பாதித் தெருக்களுக்கு இப்போது மரகதத்தின் குரல் தெரியும்.

வெங்காயம் விற்கும் ஷாஜகானுக்கு ஒருநாள் தொண்டை கட்டிப்போயிருந்தது. மாடியிலிருந்து அவள் விலை கேட்டது கடைசி வீடு வரை கேட்டது. ஷாஜகான் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டான். "அக்கா, என்ற செல்லுல ஒருக்கா கூவிக் குடுங்க. காசு தந்தர்றேன்."

அப்புறம் உப்பு வண்டி. கோலமாவு வண்டி. பழைய இரும்பு, பிளாஸ்டிக்.

விலை மாறினால் புதிதாகக் கூவ வேண்டும். விலை அடிக்கடி மாறியது. ஊரில் எல்லாரும் அதற்காக வருத்தப்பட்டார்கள், அவளைத் தவிர.

நடேசன், கடனைக் கட்ட முடியாமல் கோர்ட்டில் மஞ்சக் கடுதாசி கொடுத்தவன்.

பந்தல், சாமியானா வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தான். ஊரடங்கில் கல்யாணங்கள் நின்றன. வட்டி மட்டும் நிற்கவில்லை. இப்போது இன்னொருவர் கடையில் சம்பளத்துக்குப் பந்தல் போடுகிறான். கோர்ட் சொன்ன தொகையை மாதாமாதம் அது நியமித்த ஒரு வக்கீலம்மாவிடம் கட்டுகிறான். அவர் அதைக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்.

வீட்டில் வருமானம் கூடினால் சொல்ல வேண்டும். அது நிபந்தனை.

கூடிவிட்டது.

"கம்முனு இருங்க மாப்ளே," என்றான் மரகதத்தின் அண்ணன். "பொம்பள சம்பாதிக்கறத ஆரு வந்து பாக்கப் போறாங்க?"

நடேசன் கம்மென்றுதான் இருந்தான். ஆனால் தவணை ரசீதுகளை எடுத்து எடுத்துப் பார்த்தான்.

போன வாரம் கடைவீதியில் மரகதம் ஒரு வாஷிங் மெஷினின் மூடியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். போர்வை பிழிந்து பிழிந்து அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

சொன்னால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்களோ. சொல்லாமல் இருந்து தெரிந்துபோனால், பழையபடி வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்களோ.

அவன் மெல்ல விஷயத்தை எடுத்தான். உங்கண்ணன் இப்படிச் சொல்கிறான் என்றான்.

அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"ஏனுங்க, மறைச்சு வெக்கற வருமானமா இது? மைக்குப் போட்டு ஊரெல்லாம் கத்திக்கிட்டுப் போகுது!"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு வந்ததால் நிறுத்தத் தெரியவில்லை.

வக்கீலம்மாவின் அறையில் மின்விசிறி சத்தமாகச் சுற்றியது.

"வீட்டுல கூடுதலா வருமானம் வருதுங்க மேடம்."

"என்ன வேலை?"

நடேசன் தரையைப் பார்த்தான். "அது வந்துங்க... குரலுங்க."

"குரலா?"

மரகதம் எழுந்து நின்றாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

வெங்காயம் அறையைத் தாண்டி, மாடிப்படி இறங்கி, கீழே டீக்கடை வரை போனது. குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ கீழேயிருந்து, "எங்கம்மா வண்டி?" என்று கேட்டார்கள்.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க தெருவுல உப்பு விக்கறதும் நீங்கதானா?"

"ஆமாங்க மேடம்."

பிறகு அவர் நிதானமாக விளக்கினார். கூடுதலாக வருவதில் ஒரு பங்கை மாதத் தவணையோடு சேர்த்துக் கட்டினால் போதும். கடன் சீக்கிரம் முடியும். மீதி வீட்டுக்கு. கோர்ட்டில் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

"மீதியில நாங்க என்ன வேணா வாங்கலாமுங்களா?" மரகதம் உறுதிப்படுத்திக்கொண்டாள்.

"உங்க காசு. தாராளமா."

வெளியே வந்ததும் நடேசன் ஸ்கூட்டரை வழக்கமான சந்துக்குள் விடவில்லை. கடைவீதி வழியாகவே போனான். கடன் கொடுத்தவர்கள் இரண்டு பேரின் கடைகள் அங்கேதான் இருந்தன. ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். நடேசன் தலையசைத்தான். அவரும் அசைத்தார்.

ஆற்றுப் பாலம் தாண்டும்போது அவள் போன் அடித்தது.

பவானியிலிருந்து மீன் வண்டிக்காரர். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். சரிங்க, சரிங்க என்றாள். பிறகு போனை வைத்துவிட்டு, அவன் தோளைத் தட்டினாள்.

"மீனுக்கு ரெண்டு குரல் வேணுமாமுங்க. பொஞ்சாதி வெல கேக்கோணும், புருசன் சொல்லோணும்."

"ஆரு புருசன்?"

"இதென்னங்க கேள்வி?"

அவன் ஸ்கூட்டரை ஓரமாக ஒரு புங்க மரத்தடியில் நிறுத்தினான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான்.

"இதையும் அந்தம்மாகிட்டச் சொல்லோணும்."

"சொல்லிக்கலாம். மொதல்ல கூவுங்க."

அவள் போனை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

நடேசன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டான். மூச்சை இழுத்தான்.

மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்தன.